ஓ.டி. பணம் குறைந்தால்: கணக்கிலிருந்து புகார் வரை

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரின் தேக்காவில் தேநீர்க் கடை மேசையில் சம்பளச் சீட்டை விரித்து வைத்து, “ஓ.டி. காசு சரியா வரலைண்ணே, புகார் கொடுக்கணும்” என்று சொல்லும் தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எவ்வளவு வரவில்லை? பெரும்பாலானோரிடம் அதற்குத் தொகையாக ஒரு பதில் இருப்பதில்லை. “நிறைய” என்பார்கள், அல்லது “ஆறேழு மாசமா இப்படித்தான்” என்பார்கள். அவர்கள் சொல்வது பொய் அன்று. ஆனால் சிங்கப்பூரில் கூடுதல் நேர ஊதியத்தை, அதாவது இந்த ஓ.டி. காசை, மீட்டுத் தரும் ஏற்பாடு முழுவதும், சமரச அதிகாரியின் மேசையிலிருந்து நடுவர் மன்றம் வரை, தேதியையும் மணியையும் தொகையையும் வைத்தே நடக்கிறது. ஆகவே புகார்ப் படிவத்தை எங்கே நிரப்புவது என்பதை விட, அந்தப் படிவத்தில் எழுதப்போகும் எண் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

யாருக்கு இந்த உரிமை உண்டு

கூடுதல் நேர ஊதியத்துக்கு அடிப்படை, 1968ஆம் ஆண்டின் வேலை நியமனச் சட்டம். அதன் நான்காம் பாகமே வேலை நேரம், வார ஓய்வு நாள், கூடுதல் நேரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. சட்டத்தின் மற்ற பகுதிகள் ஏறத்தாழ எல்லா ஊழியர்களுக்கும் பொருந்தினாலும், இந்தப் பாகம் மட்டும் சம்பள வரம்புக்குள் வருபவர்களுக்கே பொருந்தும். 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வரம்புப்படி, உடலுழைப்புத் தொழிலாளராக இருந்தால் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மிகாமலும், மற்ற ஊழியராக இருந்தால் 2,600 வெள்ளிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளர், துப்புரவாளர், இயந்திரம் இயக்குபவர், பேருந்து, லாரி, வேன் ஓட்டுநர் போன்றோர் உடலுழைப்புத் தொழிலாளர் என்ற வகையில் வருவார்கள். கடைப் பணியாளர், அலுவலக எழுத்தர் போன்றோர் இரண்டாவது வகை. மேலாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் நான்காம் பாகம் பொருந்தாது. வீட்டுப் பணிப்பெண்களும் கடலோடிகளும் இந்தச் சட்டத்துக்கே வெளியே இருக்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி எழும். சைட்டில் மற்றவர்களோடு சேர்ந்து கம்பி கட்டிக்கொண்டிருக்கும் ஒருவருடைய ஒப்பந்தத்தில் ‘சூப்பர்வைசர்’ என்று எழுதியிருக்கும், ஓ.டி. கேட்டால், “நீ நிர்வாகப் பிரிவு, உனக்கு ஓ.டி. கிடையாது” என்று பதில் வரும். தாளில் உள்ள பதவிப் பெயர் எதுவாக இருந்தாலும், உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதே பார்க்கப்படும். உடலுழைப்புத் தொழிலாளர்களை மேற்பார்வையிடுபவராக இருந்தாலும், தன் வேலை நேரத்தில் பாதிக்கு மேல் தானும் கையால் உழைப்பவரானால் அவரும் உடலுழைப்புத் தொழிலாளரே. அப்படிப்பட்டவர், அன்றாடம் தான் செய்யும் வேலைகளைப் படமாகவோ குறிப்பாகவோ சேர்த்து வைத்திருந்தால், பிற்பாடு பதவிப் பெயரைப் பற்றிய வாதத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

எந்த மணியிலிருந்து ஓ.டி.

சட்டத்தின் பொது விதி, நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 44 மணி நேரம் என்பதாகும். வாரத்தில் 5 நாளோ அதற்குக் குறைவாகவோ வேலை செய்பவருக்கு ஒரு நாளின் வழக்கமான நேரம் 9 மணி வரை நீளலாம், ஆனால் வார வரம்பு அதே 44தான். ஒரு வாரம் குறைவாகவும் அடுத்த வாரம் கூடுதலாகவும் வேலை வைக்கும் ஏற்பாட்டில், எந்த ஒரு வாரமும் 48 மணியைத் தாண்டாமல், தொடர்ந்த இரண்டு வாரங்கள் சேர்ந்து 88 மணிக்குள் அடங்க வேண்டும். உணவுக்கும் ஓய்வுக்கும் விடப்படும் இடைவேளை வேலை நேரத்தில் சேராது; அதைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

கட்டுமானத் துறையில் பலருடைய ஒப்பந்தத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரையும், சனிக்கிழமை காலை 8 மணி முதல் நண்பகல் 12 மணி வரையும் என்று இருக்கும். மதிய உணவு ஒரு மணி நேரத்தைக் கழித்தால், ஐந்து நாளுக்கு எட்டெட்டு மணியும் சனிக்கிழமை நான்கு மணியுமாக 44 சரியாக வந்துவிடும். இதன் பொருள், சனிக்கிழமை நண்பகலுக்குப் பிறகு செய்யும் வேலை ஒவ்வொரு மணியும் ஓ.டி. என்பதே. எனக்குத் தெரிந்து மிக அதிகமாகத் தவறவிடப்படும் பணம் இதுதான். வார நாள்களில் மாலை 5 மணிக்கு மேல் இருந்தால் ஓ.டி. என்பது எல்லோருக்கும் தெரிகிறது. சனிக்கிழமை மாலை 5 மணிக்கு வீடு திரும்புபவர், ‘நேரத்துக்கு விட்டுவிட்டார்கள்’ என்று மகிழ்ந்தே திரும்புகிறார்.

ஓ.டி.யையும் சேர்த்து நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேலும், மாதமொன்றுக்கு 72 ஓ.டி. மணிக்கு மேலும் வேலை வாங்கக்கூடாது என்பது பொது வரம்பு. இதற்கு மேல் வேண்டுமென்றால் முதலாளி மனிதவள அமைச்சிடம் விலக்குக் கேட்டுப் பெற வேண்டும். 72ஐத் தாண்டி வேலை செய்ததைச் சொன்னால் தங்கள் மேல் குற்றம் வந்துவிடுமோ என்று தயங்கி, புகாரில் மணிக்கணக்கைக் குறைத்துச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வரம்பை மீறிய பொறுப்பு வேலை வாங்கியவருடையது. செய்த வேலைக்குரிய ஊதியம் வரம்பைத் தாண்டியதால் இல்லாமல் போய்விடாது. உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள்.

வார ஓய்வு நாளின் கணக்கு தனி. முதலாளி கேட்டுக்கொண்டதன் பேரில் ஓய்வு நாளில் வேலை செய்தால், வழக்கமான நேரத்தில் பாதி வரைக்கும் ஒரு நாள் சம்பளமும், பாதிக்கு மேல் முழு நாள் வரைக்கும் இரண்டு நாள் சம்பளமும், அதையும் தாண்டினால் இரண்டு நாள் சம்பளத்தோடு மிஞ்சிய மணிகளுக்கு ஓ.டி.யும் உண்டு. நீங்களே கேட்டு வேலைக்குப் போனால் இதில் பாதியளவே கிடைக்கும். அதனால்தான் சில முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு, ‘என் விருப்பத்தின் பேரில் வருகிறேன்’ என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு தாள் நீட்டப்பட்டால், ‘நாளைக்கு எல்லாரும் கண்டிப்பா வரணும்’ என்று முந்தைய நாள் ஃபோர்மேன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள்.

அடிப்படைச் சம்பளம் என்ற ஒற்றைச் சொல்

இனி தொகைக்கு வருவோம். ஒரு மணி நேர ஓ.டி.க்கு, மணிக்கான அடிப்படை ஊதியத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும். மணிக்கான அடிப்படை ஊதியத்தைக் கண்டுபிடிக்க, மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, வருவதை 2,288ஆல் வகுக்க வேண்டும். 2,288 என்பது 52 வாரத்தை 44 மணியால் பெருக்கிய எண். மாதத்தை 30 நாளாலும் நாளை 8 மணியாலும் வகுத்துப் போடும் கணக்கு சட்டத்தின் கணக்கு அன்று; அதில் மணிக்கூலி குறைவாகத்தான் வரும்.

எடுத்துக்காட்டாக, அடிப்படைச் சம்பளம் 900 வெள்ளி வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 900ஐ 12ஆல் பெருக்கினால் 10,800. அதை 2,288ஆல் வகுத்தால் மணிக்கு 4.72 வெள்ளி, அதன் ஒன்றரை மடங்கு 7.08 வெள்ளி. அவருடைய கம்பெனி, ‘எங்கள் கம்பெனியில் ஓ.டி. மணிக்கு 5 வெள்ளி’ என்று எல்லோருக்கும் ஒரே விலை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 68 மணி ஓ.டி. செய்தால் அவருக்கு வர வேண்டியது 481.47 வெள்ளி, வந்தது 340 வெள்ளி, குறைவு 141.47 வெள்ளி. ஒரு மாதத்தில் இது பெரிதாகத் தெரியாது. பதினொரு மாதம் இப்படியே போனால் 1,556 வெள்ளி. “அஞ்சு வெள்ளி நல்ல ரேட்டுத்தானே” என்று அவரே எனக்குச் சமாதானம் சொல்லக்கூடிய நிலையில், அவருடைய ஒன்றரை மாதத்துக்கும் மேலான அடிப்படைச் சம்பளம் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். ஒப்பந்தத்தில் 5 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று கவலைப்படத் தேவையில்லை: சட்டம் தருவதைவிடக் குறைவாகத் தரும் ஒப்பந்த விதி அந்த அளவில் செல்லாது என்று வேலை நியமனச் சட்டமே சொல்கிறது. ‘சம்பளத்துக்குள்ளேயே ஓ.டி.யும் அடக்கம்’ என்ற வாசகத்தையும் அப்படியே நம்பிவிடாமல், மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

இந்தக் கணக்கில் மணிகளைக் குறைத்து எழுதுவதைவிட நுட்பமான ஏமாற்று, அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து எழுதுவது. படிகள், போனஸ், ஆண்டிறுதிக் கூடுதல் சம்பளம், ஊக்கத்தொகை, செலவுகளுக்காகத் திருப்பித் தரப்படும் பணம் ஆகியவை அடிப்படைச் சம்பளத்தில் சேராது. ஆகவே அதே 900 வெள்ளியை, ‘அடிப்படை 500, சாப்பாட்டுப் படியும் தங்குமிடப் படியும் 400’ என்று சம்பளச் சீட்டில் பிரித்து எழுதிவிட்டால், கையில் வரும் மாதச் சம்பளம் மாறாமலேயே ஓ.டி. விலை மணிக்கு 3.93 வெள்ளியாகச் சரிந்துவிடும். அதே 68 மணிக்கு 267 வெள்ளிதான் வரும். சீட்டில் பெருக்கல் சரியாகவே இருக்கும்; தவறு பெருக்கப்பட்ட எண்ணில் இருக்கும்.

வேலை அனுமதி அட்டையில் வந்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் ஐ.பி.ஏ. கடிதம் கைகொடுக்கிறது. ஊரில் இருந்து புறப்படும் முன் வந்த அந்த ஒப்புதல் கடிதம் தமிழிலும் இருக்கும். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று முதலாளி அமைச்சிடம் அறிவித்த எண்கள் தனித்தனியாக இருக்கும். அந்தச் சம்பளத்தைக் குறைக்க வேண்டுமானால் ஊழியரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும், அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். ஐ.பி.ஏ.யில் ஒரு தொகையும் பின்னால் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைந்த தொகையும் இருந்த ஒரு வழக்கில், 2017இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம், முதலாளி வேறுவிதமாக நிரூபிக்காத வரையில் ஐ.பி.ஏ.யில் உள்ள அடிப்படைச் சம்பளத்தையே உண்மையானதாகக் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அரசாங்கத்திடம் ஒரு எண்ணைச் சொல்லி அனுமதி வாங்கியவர், ஊழியரிடம் வேறு எண்ணைச் சொல்வதற்குக் காரணம் காட்ட வேண்டிய கடமை அவருடையதாகிறது. அந்தக் கடிதத்தைப் பெட்டிக்கடியில் மடித்து வைத்து மறந்துவிடுபவர்கள் பலர். இன்றே அதைப் படமெடுத்து, ஊரில் இருக்கும் வீட்டாருக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

உடலுழைப்பு அல்லாத வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உங்கள் ஓ.டி. கணக்கில் மணிக்கான அடிப்படை ஊதியம் அதிகபட்சம் 13.60 வெள்ளி என்ற அளவிலேயே எடுத்துக்கொள்ளப்படும்.

குறிப்பேடு

புகாருக்கு ஆதாரம் என்றவுடன் பலர் பெரிய ஆவணங்களை நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவற்றில் மிக நன்றாக நின்றது, சிமெண்ட் கறை படிந்த ஒரு சின்னக் குறிப்பேடு. அதில் அந்தத் தம்பி ஒவ்வொரு நாளும் லாரியில் திரும்பும்போதே எழுதியிருந்தார். ஒரு பக்கத்தில், ‘புதன். காலை 8 – இரவு 9. சாப்பாடு 12–1. மாலை 6–6.30. மூணாவது மாடி, கம்பி’ என்று இருந்தது. பதின்மூன்று மணியில் இடைவேளை ஒன்றரை மணியைக் கழித்தால் பதினொன்றரை. வழக்கமான எட்டைக் கழித்தால் ஓ.டி. மூன்றரை மணி. அடுத்த சனிக்கிழமைக்கு, ‘8–5, சாப்பாடு 12–1, காங்கிரீட் லேட்’ என்று எழுதியிருந்தார், ஓ.டி. நான்கு மணி. ‘காங்கிரீட் லேட்’ என்ற இரண்டு சொற்களுக்கு இருந்த மதிப்பை அவர் அப்போது அறிந்திருக்க மாட்டார். ஒரே பேனாவால் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிய பட்டியலில் இத்தகைய சொற்கள் இருக்காது. அன்றன்றைக்கு எழுதியது என்பதற்கு அதுவே சாட்சி.

அதோடு, டைம் கார்டு இருந்தால் மாதக் கடைசியில் கம்பெனி எடுத்துக்கொள்ளும் முன் படமெடுத்துக்கொள்ளுங்கள். காலை டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) கையெழுத்துத் தாள், சூப்பர்வைசர் ‘இன்னைக்கு 9 மணி வரைக்கும்’ என்று அனுப்பிய செய்தி, வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்த பதிவு ஆகியவையும் உதவும். கூட வேலை செய்தவர் ஒருவர் சாட்சி சொல்ல முன்வந்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அவருக்கும் பர்மிட் (வேலை அனுமதி) இருக்கிறது, அது போய்விடுமோ என்ற பயமும் இருக்கும்.

முதலாளியின் பக்கத்திலும் கடமை உண்டு. 2016 ஏப்ரல் 1 முதல் விவரமான சம்பளச் சீட்டு தருவது கட்டாயம், ஓ.டி. செய்த மணி, அதற்கான தொகை, அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்குமானது என்பவை அதில் இருக்க வேண்டும். வேலை நிபந்தனைகளையும் எழுத்தில் தர வேண்டும். நடப்பு ஊழியர்களின் கடைசி இரண்டு ஆண்டுப் பதிவுகளை அவர் வைத்திருக்க வேண்டும். ஆகவே சீட்டே தரப்படவில்லை என்பது உங்கள் பக்கப் பலவீனம் ஆகாது; அதையும் ஒரு குறைபாடாகப் புகாரில் சொல்லலாம். எதுவும் எழுதாத வெற்றுச் சீட்டிலோ, வாங்காத தொகையை வாங்கியதாகச் சொல்லும் சீட்டிலோ கையெழுத்துப் போடுவதுதான் உண்மையான பலவீனம். போட வேண்டிய நெருக்கடி வந்தால், போடும் முன் அந்தத் தாளைப் படமெடுக்கவும், அன்று உண்மையில் எவ்வளவு கைக்கு வந்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதவும் முயலுங்கள்.

புகார் செல்லும் பாதை

ஓ.டி. ஊதியம், சம்பளக் காலம் முடிந்த நாளிலிருந்து 14 நாள்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். மாதச் சம்பளத்துக்கு 7 நாள். அந்த 14 நாள் கடந்தும் வராவிட்டால் அல்லது குறைவாக வந்தால், முதலில் கம்பெனியிடம் எழுத்தில் கேட்பது என் பரிந்துரை. ‘மார்ச் மாதம் 68 மணி ஓ.டி. செய்திருக்கிறேன், 340 வெள்ளி வந்திருக்கிறது, கணக்கைச் சரிபார்க்க வேண்டுகிறேன்’ என்று கணக்காளருக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும். சில சமயம் அது உண்மையிலேயே கணக்குப் பிழையாக இருந்து அடுத்த மாதமே சரியாகிவிடுவதுண்டு. சரியாகாவிட்டாலும், நீங்கள் கேட்டீர்கள், அவர்கள் இப்படிச் சொன்னார்கள் என்பது எழுத்தில் நிற்கும். ஆனால் இந்தப் பேச்சு மாதக்கணக்கில் இழுபட விடக்கூடாது, ஏனென்றால் காலக்கெடு இருக்கிறது.

அந்தக் கெடு இப்படி: இன்னும் அதே வேலையில் இருப்பவர், பணம் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும், வேலையை விட்டவர், கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். வேலையில் இருந்துகொண்டே பொறுத்துப் பொறுத்துப் போகிறவருக்கு, ஓராண்டைத் தாண்டியதும் ஒவ்வொரு மாதமும் பழைய மாதம் ஒன்று கணக்கிலிருந்து உதிர்ந்துகொண்டே போகும். ‘பர்மிட் முடியும்போது மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம்’ என்று இரண்டு ஆண்டுகள் காத்திருப்பது, கேட்கும் உரிமையில் பெரும்பகுதியைத் தானே கைவிடுவதற்குச் சமம்.

கோரிக்கையை வாங்கிக்கொள்ளும் இடம், 2017 ஏப்ரல் 1இல் தொடங்கப்பட்ட சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணி. சுருக்கமாக டேடிஎம் என்பார்கள். மனிதவள அமைச்சு, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், முதலாளிகள் சம்மேளனம் ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கியதால் முத்தரப்பு என்ற பெயர். சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) மூலம் இணையத்திலேயே பதிவு செய்யலாம். கணினிப் பழக்கம் இல்லாதவர்கள், வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ, லிட்டில் இந்தியா வட்டாரத்தில் நீண்ட காலமாக வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவிவரும் டிடபிள்யுசி2 போன்ற தொண்டு அமைப்புகளிடமோ உதவி கேட்கலாம். தொழிற்சங்க உறுப்பினராக இருந்தால் சங்கத்திடம் முதலில் பேசுங்கள், அதனால் வரும் ஒரு பயனைப் பின்னால் சொல்கிறேன். படிவத்தில் மாதவாரியாக ஓ.டி. மணி, வர வேண்டிய தொகை, வந்த தொகை, குறைவு ஆகிய நான்கையும் நீங்கள் ஏற்கெனவே ஒரு தாளில் போட்டு வைத்திருந்தால், நிரப்புவதற்கு அரைமணி நேரம் கூட ஆகாது.

பதிவு செய்த பிறகு நடப்பது சமரசப் பேச்சு. இது கட்டாயமான படி. இதைத் தாண்டாமல் நடுவர் மன்றத்துக்கு நேரே போக முடியாது. சமரச அதிகாரி இரு தரப்பையும் அழைத்து, ஆவணங்களைப் பார்த்து, உடன்பாட்டுக்குக் கொண்டுவர முயல்வார். அவர் நீதிபதி அல்லர்; உங்களுக்காக வாதாடும் வழக்கறிஞரும் அல்லர். இதைப் புரிந்துகொள்ளாமல் போகிறவர்கள், அவர் முதலாளி சொல்வதையும் பொறுமையாகக் கேட்பதைப் பார்த்து மனம் உடைந்துபோகிறார்கள். அங்கே ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராது என்று தோன்றினால், மொழிபெயர்ப்பு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சத்தம் போடாமல் மாதவாரித் தாளை எடுத்து மேசையில் வைப்பவரின் பேச்சு அந்த அறையில் எளிதில் எடுபடும் என்பது என் அனுபவம்.

முதலாளி, ‘1,556 தர முடியாது, 800 வாங்கிக்கொள்’ என்று பேரம் பேசக்கூடும். ஏற்பதா மறுப்பதா என்பது முழுக்க உங்கள் முடிவு. குறைத்து வாங்கிக்கொண்டு உடனே வேறு வேலைக்குப் போவது சிலருக்குச் சரியாக இருக்கும். ஆதாரம் வலுவாக உள்ளவர் முழுத் தொகைக்கும் நிற்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சமரச உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டால், அந்தக் கோரிக்கை அதோடு முடிந்தது. எத்தனை தவணை, எந்தத் தேதி, எந்தக் கணக்கில் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பேனாவை எடுங்கள். உடன்பாட்டை நான்கு வாரங்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டால், முதலாளி பேச்சு மாறும்போது அது நீதிமன்ற உத்தரவைப் போலவே நிறைவேற்றப்படக்கூடியதாகும்.

உடன்பாடு ஏற்படாவிட்டால் டேடிஎம் ஒரு பரிந்துரைச் சான்றிதழ் தரும். அது கிடைத்த நாளிலிருந்து நான்கு வாரங்களுக்குள், அரசு நீதிமன்றங்களின் கீழ் இயங்கும் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கைப் பதிவு செய்ய வேண்டும். சமரசம் முறிந்த சோர்வில் ஒரு மாதத்தைக் கழித்துவிட்டு, சான்றிதழோடு வந்து நிற்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரிவதில்லை. 2017இல் நடுவர் மன்றம் தொடங்கியபோது, ஒரு கோரிக்கைக்கு 20,000 வெள்ளி வரையிலும், தொழிற்சங்கத்தின் துணையோடு சமரசத்துக்குப் போனவர்களுக்கு 30,000 வெள்ளி வரையிலும் என்று வரம்பு வகுக்கப்பட்டது. மேலே சங்கத்தைப் பற்றிச் சொன்னது இதற்காகத்தான். நடுவர் மன்றத்தில் எந்தத் தரப்பும் வழக்கறிஞரை நிறுத்த முடியாது. முதலாளியும் உங்களைப் போல் தானே வந்து பேச வேண்டும், அல்லது தன் கம்பெனி ஆளை அனுப்ப வேண்டும். முதலில் வழக்கை ஒழுங்குபடுத்தும் சந்திப்பு நடக்கும், ஆவணங்களை எப்போது தாக்கல் செய்வது என்று சொல்லப்படும், அதன் பிறகு விசாரணை. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது குறுகிய வழி. சட்டப் பிரச்சினையோ மன்றத்தின் அதிகார வரம்பைப் பற்றிய பிரச்சினையோ இருந்தால் மட்டுமே, அதுவும் அனுமதி பெற்றே செய்ய முடியும்.

உத்தரவு கிடைத்தும் பணம் வராமல் போவதுண்டு. அப்போது உத்தரவை நிறைவேற்றும் நடவடிக்கைக்கு மீண்டும் நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டியிருக்கும், கம்பெனியிடம் எதுவும் மிஞ்சியிருக்காவிட்டால் அதிலும் பெரிய பயன் இருக்காது. கம்பெனி தள்ளாடுவது தெரிந்தால் சீக்கிரம் பதிவு செய்வது இதனால்தான் முக்கியம். சம்பளம் கொடுக்கத் தவறுவது குற்றமும் ஆகும்; முதல் முறை குற்றவாளியென்று முடிவானால் 3,000 வெள்ளியிலிருந்து 15,000 வெள்ளி வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அந்த வழக்கை நடத்துவது அமைச்சு. உங்கள் பணத்தை மீட்கும் கோரிக்கை வேறு, அந்த வழக்கு வேறு.

பர்மிட் பயம்

வேலை அனுமதி அட்டையில் இருப்பவர் புகார் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் சட்டம் தெரியாதது மட்டும் அன்று. முதலாளி பர்மிட்டை ரத்து செய்து டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார் என்ற பயம்தான் முதல் காரணம். இந்த வேலைக்காக ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் ஊரில் நிற்கிறது. இந்தப் பயத்தைப் பொருளற்றது என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. பர்மிட்டை ரத்து செய்யும் அதிகாரம் முதலாளிக்கு இருக்கிறது. ஆனால் சம்பளக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது, ஊழியர் இங்கேயே தங்கியிருந்து அதை முடித்துக்கொள்வதற்காகச் சிறப்பு அனுமதிச் சீட்டு வழங்கும் நடைமுறை இருக்கிறது. அந்தக் காலத்தில் அவருடைய உணவுக்கும் தங்குமிடத்துக்கும் முதலாளியே பொறுப்பு என்பதும் அனுமதியின் நிபந்தனை. அப்பொறுப்பை எல்லோரும் ஒழுங்காகச் செய்கிறார்களா என்பது வேறு விஷயம். செய்யாவிட்டால் அதையும் அமைச்சிடம் சொல்லலாம். சிறப்பு அனுமதிச் சீட்டில் இருக்கும்போது தன்னிச்சையாக எங்கும் வேலைக்குப் போகக்கூடாது. இதை மீறினால், நியாயமான சம்பளக் கோரிக்கையோடு வந்தவர் தேவையில்லாத வேறொரு வழக்கில் மாட்டிக்கொள்வார்.

சிலரை இரவோடு இரவாக விமான நிலையத்துக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள். அப்படி நேர்ந்தால் குடிநுழைவு முகப்பில் இருக்கும் அதிகாரியிடம் நின்று சொல்ல வேண்டும். முழுக் கதையையும் அங்கே சொல்லத் தேவையில்லை. சம்பளம் பாக்கி இருக்கிறது, மனிதவள அமைச்சில் புகார் கொடுக்க வேண்டும், நான் இப்போது போக விரும்பவில்லை என்ற மூன்று செய்தியும் போய்ச் சேர்ந்தால் போதும். அந்த வரிகளை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி, போனில் படமாக வைத்திருக்கும் சிலரை எனக்குத் தெரியும். ஐ.பி.ஏ.யும் குறிப்பேட்டுப் பக்கங்களும் இருக்கும் அதே ஆல்பத்தில் அதையும் வைத்திருக்கிறார்கள்.